படலைக்கு உள்ளே ஏழு குஞ்சுகள்

எங்கள் பழைய அலுவலகத்தில் தடுப்பு மருந்து வைக்கும் ஃபிரிட்ஜின் கதவில், என் கையெழுத்தில் ஒரு தாள் இன்னும் ஒட்டியிருக்கிறது. ‘வெளியே போகிறவர்கள் எந்த வீட்டிலும் முட்டை வாங்கக் கூடாது. வாங்கினால் அன்று அடுத்த வீட்டுக்குப் போகக் கூடாது.’ அங்கே புதிதாக வந்த பெண் உத்தியோகத்தர் ஒருவர் என் தொலைபேசி எண்ணைத் தேடிப் பிடித்துப் போன மாதம் கேட்டார்.

“சேர், இது லஞ்சம் வாங்கக் கூடாதெண்டு எழுதினதா?”

“இல்ல மிஸ். லஞ்சமெண்டா வாங்கின ஆள் மட்டுந்தான் கெடும்.”

அவர் சிரித்தார். நானும் சிரித்துவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விட்டேன். போனை வைத்த பிறகுதான், காரணத்தைச் சொல்லாமல் அந்தத் தாளை மட்டும் விட்டுவிட்டு வந்தது சரியில்லை என்று பட்டது. ஆகவே எழுதுகிறேன்.

நான் கால்நடை வைத்திய அலுவலகத்தில் வெளிக்கள உத்தியோகத்தராக இருந்து ஓய்வுபெற்று நாவற்குடாவில் வசிப்பவன். வேலைக்காலத்துக் கொப்பிகள் ஒரு தகரப்பெட்டி நிறைய இருக்கின்றன. எந்த நாளில் எந்த வீடு, எத்தனை கோழி, என்ன கண்டேன் என்பதெல்லாம் அவற்றில் உண்டு. இந்தச் சம்பவத்தின் ஆண்டையும் ஊரின் பெயரையும் வேண்டுமென்றே விடுகிறேன், ஏனென்றால் அந்த வீட்டாரின் உறவுகள் அங்கே இருக்கிறார்கள். கிழமைகளையும் நாட்கணக்கையும் கொப்பியில் உள்ளபடியே தருகிறேன்.

பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. இரண்டு வருடத்தில் கோழியைப் பிடிக்கவும் செத்த கோழியைத் திறக்கவும் படிவம் நிரப்பவும் கற்றுக்கொடுத்தார்கள். வேலை என்றால் என்னவென்று நான் கற்றது டொக்டர் சுகந்தியின் கீழேதான். மெலிந்த பெண்மணி. அவர் குரல் உயர்ந்ததை நான் கேட்டதே இல்லை. யாராவது நோயுற்ற கோழியைக் கொண்டுவந்தால், “என்ன வருத்தம்?” என்று கேட்க மாட்டார். “எத்தனையாம் நாள்?” என்றுதான் கேட்பார். நேற்றிலிருந்தா, முந்தாநாளிலிருந்தா, தின்னாமல் விட்டது எப்போது, கழிந்தது எப்போது என்று நாள்களை வரிசையாக அடுக்கிய பிறகுதான் கோழியைப் பார்ப்பார்.

செத்த கோழியைத் திறப்பதற்கு அலுவலகத்தின் பின்புறம், மாமரத்துக்குக் கீழே ஒரு பலகை வைத்திருந்தார். முதலில் கோழியை மருந்துத் தண்ணீரில் முழுவதாக நனைப்பார், இறகு பறக்கக் கூடாது என்பதற்காக. அலகின் ஓரத்தில் கத்தரியை வைத்து, தொண்டை, தீன்பை என்று ஒரே கோடாக வெட்டிக்கொண்டு போவார். கல்லீரல் கடந்து, மாங்காய் போன்ற அரைக்கும் இரைப்பைக்குச் சற்று முன்னே ஒரு சிறு பை இருக்கும். அதைத் திறந்து தண்ணீரில் அலசி, நெருப்புக்குச்சி முனையால் காட்டுவார். உள்தோலில் குரக்கன் விதையைத் தூவியதுபோல் சிவப்புப் புள்ளிகள் இருந்தால் ரணிக்கட் நோய். காற்றாலும் கையாலும் செருப்பாலும் பரவி, ஊரையே ஒரு கிழமையில் வெறுமையாக்கும் நோய் அது. புள்ளிகளைக் கண்டதும் டொக்டர் எதுவும் சொல்ல மாட்டார். கையை முழங்கைவரை கழுவுவார். இரண்டு தரம் கழுவினால் சந்தேகம், மூன்று தரம் கழுவினால் நிச்சயம் என்று நாங்கள் விளங்கிக்கொள்வோம்.

அதற்கு மருந்து கிடையாது, தடுப்பு மட்டுந்தான். கண்ணில் ஒரு சொட்டு விட வேண்டும். வாவிக்கு மேற்கே, படுவான்கரையில், எனக்குச் சில ஊர்கள் ஒதுக்கப்பட்டிருந்தன. கோழிகள் கூட்டைவிட்டு இறங்குமுன் பிடிக்க வேண்டுமென்பதால் விடியற்காலையிலேயே மோட்டார் சைக்கிளோடு பாதையில் ஏறிவிடுவேன். பாதை என்று எங்கள் பக்கத்தில் சொல்வது, ஆளையும் வண்டியையும் ஏற்றி வாவியைக் கடக்கும் இரும்பு மிதவையை. தோளில் ஐஸ் நிரப்பிய பிளாஸ்க், அதற்குள்ளே மருந்துப் போத்தல். கோழியை இடக்கையில் அணைத்து, தலையைச் சாய்த்து, கண்ணில் ஒரு சொட்டு. அது கண்ணைச் சிமிட்டி மருந்தை உள்ளே எடுக்கும்வரை விடக் கூடாது. ஊரில் என் பெயர் தவராசா என்பது யாருக்கும் தெரியாது. சொட்டுமருந்து ஐயா என்றால் தெரியும்.

இனி கூடையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அந்த ஊர்களின் பெண்கள் தங்கள் வீட்டுச் சேவலுக்கு விழுந்த முட்டையையே தங்கள் வீட்டில் அடைவைக்க மாட்டார்கள். அடுத்த தெருவிலோ அடுத்த ஊரிலோ முட்டை மாற்றிக்கொள்வார்கள். அதை ஒருவர் கையால் வாங்க வேண்டும், அந்தக் கை ராசியான கையாக இருக்க வேண்டும். ஒருமுறை, போகிற வழிதானே என்று, ஒரு வீட்டார் தந்த பதின்மூன்று முட்டைகளை இன்னொரு வீட்டில் கொடுத்தேன். பதின்மூன்றும் பொரித்தன. அதோடு என் கை ராசிக்கை ஆகிவிட்டது. மாற்று முட்டை ஐயா கையால்தான் வேண்டும் என்றார்கள். டொக்டரிடம் சொன்னேன். “நல்லதுதானே, ஒரே இரத்தம் கலக்காது” என்றார். அதன்பிறகு மோட்டார் சைக்கிளின் பின்னால் ஒரு பிரம்புக்கூடையைக் கட்டி, அதற்குள் நெல்லுமியை நிரப்பி, முட்டைகளை உமியில் புதைத்துக் கொண்டுபோவேன்.

“ஐயா, உங்கட கூடைக்கும் டிக்கட் போடோணும்” என்பார் பாதைக்காரர் நல்லதம்பி. “நாங்க ஆக்கள ஏத்துறம், நீங்க பிறக்காததையும் ஏத்திக் கொண்டுவாறீங்க.”

எனக்குப் பெருமையாக இருந்தது. அந்த உமியை நான் எத்தனை மாதமாக மாற்றவில்லை என்பது மட்டும் என் கொப்பிகளில் இல்லை.

அந்த வருடம் தடுப்பு மருந்து வந்து சேர மூன்று மாதம் பிந்தியது. பெரும்போக அறுவடை முடிந்து வயல் வட்டைகள் வெறுமையாகக் கிடந்த காலம். மருந்து வந்த திங்கட்கிழமை, அந்த ஊரின் முதல் வீட்டு வளவில் ஒரு பெண் கையை விரித்துக் காட்டினார். உள்ளங்கையில் ஓடில்லாத முட்டை. மெல்லிய தோலுக்குள் மஞ்சள்கரு அசைந்தது. சந்தையில் புதிதாக ஒரு சேவல் வாங்கி விட்டதிலிருந்து இப்படி என்றார். சுண்ணாம்புச் சத்துக் குறைவு, மட்டிச்சிப்பியை இடித்துப் போடுங்கள் என்று சொன்னேன். தோல்முட்டை ரணிக்கட்டின் முதல் அடையாளமாகவும் இருக்கலாம் என்று படித்தவன்தான் நான். அன்று அது ஞாபகத்துக்கு வரவில்லை. நல்ல ஓடுள்ள ஒன்பது முட்டைகளை அவர் மாற்றுக்குத் தந்தார். உமியில் புதைத்தேன். அன்றும் அடுத்த நாளும் அவற்றை நான்கு வீடுகளுக்குப் பங்கிட்டேன்.

புதன்கிழமை கண்மணியக்காவின் வேலிப் படலைக்குப் போனேன்.

கண்மணியக்காவுக்கு அப்போது ஐம்பத்தைந்து வயதிருக்கும். கணவர் இறந்து, ஒரே மகள் தேற்றாத்தீவில் கலியாணம் முடித்துப் போய், தனியாக இருந்தார். பதினொரு கோழி, ஒரு சேவல். அந்தப் பக்கத்தில் யாருக்குக் குஞ்சு வேண்டுமென்றாலும் அவரிடந்தான் வருவார்கள். அவர் வீட்டில் மட்டும் ஒரு கண்டிப்பு இருந்தது. கோழி அடை இருந்தால் படலையில் வேப்பங்கொத்துக் கட்டிவிடுவார். இருபத்தொரு நாளுக்கு வேற்றாள் உள்ளே வரக் கூடாது. அந்தப் புதன்கிழமையும் வேப்பங்கொத்து தொங்கியது.

“போன முறையும் உங்கட வீடு விட்டுப்போச்சு அக்கா. பதிவில இந்த ஒரு கட்டம்தான் வெறுமையா இரிக்கு.”

“கட்டம் வெறுமையா இரிந்தா இரிக்கட்டும் தம்பி. வெள்ளிக்கிழம வச்ச அட. இண்டைக்குப் பன்னெண்டாம் நாள். இன்னும் ஒன்பது நாள் போகட்டும், வாங்க.”

“வருத்தம் வந்தா ஒன்பது நாள் காத்துக்கொண்டு நிக்காது.”

அவர் யோசித்தார். உள்ளே போன் அடித்தது. மகள் என்று தெரிந்தது, ஏனென்றால் அவர் பேசியது படலைவரை கேட்டது. “வாறன் வாறனெண்டு சொல்லிக்கொண்டுதானே இரிக்கன். கோழி இரிக்கிற வரைக்கும் எனக்கொரு வீடு இரிக்கு. அதுகள் போனா வந்து உன்ட வீட்டு மூலையில கிடக்கன்.” திரும்பி வந்து என்னிடம் சிரித்தார். “மகள் கூப்பிடுறா. மருமகன் நல்ல பொடியன்தான். ஆனா விடிய எழும்பினா எனக்கு அங்க என்ன வேல, சொல்லுங்க.”

நான் படிவத்தை மடித்துக்கொண்டு, என் கடைசி ஆயுதத்தை எடுத்தேன். “நான் வாறதில உங்களுக்கொரு இலாபமும் இரிக்கு. முட்டை பாத்துத் தாறன். என்ட கை ராசியெண்டு ஊரே சொல்லுது.”

அவர் வேப்பங்கொத்தை ஒருபக்கமாக விலக்கிப் பிடித்தார்.

பதினொன்றில் பத்துக் கோழிகளுக்கும் சேவலுக்கும் சொட்டு விட்டேன். அடைக்கோழியைத் தொடவில்லை. பிறகு, சமையல் கொட்டிலின் இருட்டு மூலையில் இருந்து முட்டை பார்த்தோம். முட்டை பார்ப்பது இப்படி: கொப்பி மட்டையைக் குழலாகச் சுருட்டி, ஒரு நுனியில் முட்டையை வைத்து, ஓலைக் கீற்றால் விழும் வெயிலை நோக்கிப் பிடித்து, மறு நுனியில் கண்ணை வைக்க வேண்டும். கரு இல்லாத முட்டை தெளிவாகத் தெரியும். கரு உள்ளதில் சிவப்பு நரம்புகள் வேர்போல் படர்ந்திருக்கும். பன்னிரண்டாம் நாளில் நடுவே ஒரு கருமை இருக்கும். அது அசையும். எத்தனையோ ஆயிரம் முட்டை பார்த்திருக்கிறேன், அந்த அசைவு என்னை நோக்கித் திரும்புவதுபோல் தோன்றாத நாளில்லை.

பதின்மூன்று முட்டைகளில் இரண்டு வெறுமை. பதினொன்றில் உயிர் இருந்தது. பார்த்து முடிந்த முட்டைகளை எங்கே வைப்பது என்று கண்மணியக்கா கேட்டார். பக்கத்தில் இருந்த என் கூடையைக் காட்டினேன். உமி மெத்தென்று இருந்தது. ஒவ்வொன்றாக அதில் வைத்தார். எல்லாம் முடிந்ததும் உமி ஒட்டியபடியே எடுத்துக் கோழிக்குக் கீழே திரும்ப வைத்தோம்.

பதிவில் கட்டம் நிரம்பியது.

அடுத்த ஞாயிறு, அந்த முதல் வீட்டின் கோழிகள் செத்தன. திங்களும் செவ்வாயும் மற்ற வீடுகள். நான் போய்ப் பார்த்தபோது சாவைவிட அதற்கு முந்திய நிலைதான் பயமுறுத்தியது. கழுத்து முறுகி, அலகு மேலே பார்க்க, கோழிகள் நடுமுற்றத்தில் நின்றன. ஒரு வளவில் ஆறு கோழிகள் ஒரே திசையில் வானத்தைப் பார்த்து நின்றன. பின்னோக்கி நடந்து, வேலியில் முட்டி, மறுபடி வானத்தைப் பார்த்தன. மூளையைத் தாக்கினால் அப்படி வரும் என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் நானும் மேலே பார்த்தேன். அந்த வீட்டுக் கிழவர் சொன்னார்: “எல்லாரும் ஒருக்காப் பாக்காங்க ஐயா. நீங்க மட்டும் என்ன?”

புதன்கிழமை விடிய பாதையில் போகும்போது ஏதோ குறைவது தெரிந்தது. நல்லதம்பி கயிற்றை இழுத்துக்கொண்டே, “கேக்குதா?” என்றார்.

“என்ன?”

“அதுதான். ஒண்டும் கேக்கல்ல. அங்கால கரையில ஒரு சேவல் கூவல்ல இண்டைக்கு.” கயிற்றை இன்னொரு இழுவை இழுத்துவிட்டுச் சொன்னார்: “ஒரு கத சொல்லுவன், கோவிக்கப்படாது. நீங்க கூடையோட போன வீட்டிலதான் ஆறாம் நாள் ஏழாம் நாள் விழுகுதாம். பொம்பிளையள் எண்ணிப் பாத்திரிக்காங்க. உங்கட மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டா இனிப் படலையச் சாத்துவாங்க.”

நான் இறங்கவில்லை. அதே பாதையில் திரும்பினேன். அலுவலகத்தில் கொப்பியை விரித்தேன். முதல் வீட்டு முட்டை யார் யாருக்கு, எந்த நாளில், எத்தனை என்று நானே ஒழுங்காக எழுதி வைத்திருந்தேன். பக்கத்தில் சாவு விழுந்த நாட்களை எழுதினேன். ஒன்றும் தவறவில்லை. ராசிக்கை ஊருக்குள் போன வழி என் கையெழுத்திலேயே கோடுபோட்டு இருந்தது. வீடுவீடாக வாசித்துக்கொண்டு போகையில், அது நான் எழுதியதல்ல, எனக்காக யாரோ எழுதி வைத்தது என்பது போன்ற உணர்வு வந்தது.

கொப்பியை டொக்டரிடம் கொண்டுபோனேன். அவர் ஒரு முறை வாசித்தார். “மாற்று முட்டை நல்லதெண்டு நானும்தான் சொன்னன்” என்றார். பிறகு: “இந்த வரிசையில கடைசி வீடு எது?”

“கண்மணியக்கா.”

“அடை எத்தனையாம் நாள்?”

“நாளைக்கு இருபது.”

வியாழக்கிழமை நாங்கள் போனபோது படலை திறந்தே இருந்தது. வேப்பங்கொத்து வாடிக் கருகியிருந்தது. டொக்டர் கால்களில் பிளாஸ்டிக் பைகளைக் கட்டிக்கொண்டார். “நீங்க வெளியில நில்லுங்க, மிஸ்டர் தவராசா” என்றார். படலையில் நின்றே எல்லாம் பார்க்கலாம். முற்றத்தில் கோழிகள் கிடந்தன. இரண்டு மட்டும் நின்றன, வானத்தைப் பார்த்தபடி. கண்மணியக்கா கொட்டிலின் வாசலில் அடைப்பெட்டிக்குப் பக்கத்தில் குந்தியிருந்தார். அடைக்கோழி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது, கண் திறந்திருந்தது. அதன் இறகுகள் மெல்ல எழுந்து தாழ்ந்தன. கீழேயிருந்து குஞ்சுச் சத்தம் கேட்டது. இருபதாம் நாளில் ஓட்டுக்குள் இருந்தே குஞ்சுகள் கத்தும், தாய் அதற்குப் பதில் கொடுக்கும்.

“அது சுகமாத்தானே இரிக்கு?” என்று நான் படலையில் இருந்து கேட்டேன்.

டொக்டர் குனிந்து அதன் தலையை ஒரு விரலால் தொட்டார். தலை அப்படியே சாய்ந்து பெட்டி விளிம்பில் பட்டது. “விடியவே செத்திட்டு மிஸ்” என்றார் கண்மணியக்கா. “முட்டையள் உதைக்கிறதில இறகு ஆடுது. நான்தான் தூக்கல்ல. சூடு போயிடுமெண்டு.”

முறை என்ன என்பது மூவருக்கும் தெரியும். கோழி, முட்டை, பெட்டி எல்லாவற்றையும் குழிவெட்டிச் சுண்ணாம்பு போட்டு மூட வேண்டும். வேலிக்கு அந்தப் பக்கம் பெண்கள் சிலர் வந்து நின்றார்கள். யாரோ, “புதைங்க மிஸ், எங்களுக்கினி ஏலாது” என்றார். முட்டைகள் கத்திக்கொண்டே இருந்தன.

கண்மணியக்கா எழுந்து என்னைப் பார்த்தார். கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். “மனே, நீ கை வச்சுப் பாத்துச் சொன்னாய், பதினொண்டிலயும் உயிர் இரிக்கெண்டு” என்றார். முதல் தடவையாக என்னை நீ என்றார். “இதையும் புதைச்சா நான் நாளைக்கு மகள்ற வீட்டதான் போகோணும். நாளைக்கு ஒரு நாள்தான் மிச்சம் இரிக்கு. ஒரு நாள்.”

டொக்டர் கையைக் கழுவினார். மூன்று தரம். பிறகு வேலிப்பக்கம் திரும்பி, எல்லோருக்கும் கேட்கும்படி, ஆனால் சத்தம் உயர்த்தாமல் சொன்னார்: “செத்தது, சாகப்போறது எல்லாத்தையும் இண்டைக்குப் புதைக்கிறம். முட்டை இருக்கட்டும். ஆனா இந்த வளவுக்குள்ள ஆளும் போகக் கூடாது, இஞ்சயிருந்து ஒரு இறகும் வெளிய வரக் கூடாது. பொரிச்ச நாளில இருந்து இருபத்தொரு நாள். அக்கா, நீங்களும் உள்ளதான்.”

“அது எனக்குப் பழக்கந்தான் மிஸ்.”

“குஞ்சு பிழைக்குமெண்டு நான் சொல்லல்ல.”

“நானும் கேக்கல்ல.”

தாயில்லாத முட்டைக்குச் சூடு வேண்டும். அடுத்த தெருவில் உமி இருக்கிறது என்று யாரோ சொன்னார்கள். “உமி வேணாம்” என்றார் கண்மணியக்கா, என்னைப் பார்க்காமல். மண்சட்டியில் மணலை இளஞ்சூடாக்கி, பழஞ்சேலையைச் சுருட்டி அதன்மேல் முட்டைகளை வைத்தார்.

என் வேலையை டொக்டர் வரையறுத்தார். தினமும் ஒரு தடவை, காலையில், பாதையடியில் மருந்துத் தண்ணீரில் கால் நனைத்து, வேறெந்த வீட்டுக்கும் போகாமல், வேலிக்குப் பத்தடி தள்ளி நிற்க வேண்டும். சாப்பாட்டுச் சாமானைப் படலையடி முட்டுக்கல்லில் வைக்க வேண்டும். எத்தனை குஞ்சு என்று கேட்டு எழுத வேண்டும். போனில் கேட்கலாமே என்றேன். “போனில எல்லாரும் சுகமெண்டுதான் சொல்லுவாங்க. நீங்க காதால கேளுங்க” என்றார்.

வெள்ளிக்கிழமை பொரித்தது. கண்மணியக்கா வேலிக்கு உள்ளேயிருந்து கூப்பிட்டார். ஓலைவேலி உயரமானது, படலையும் சாத்தியிருந்தது, முகம் தெரியாது. “ஏழு, தம்பி. நாலு ஓட்டுக்குள்ளயே போயிட்டு.”

ஏழு என்று எழுதினேன். சனி, ஏழு. ஞாயிறு, ஏழு. குஞ்சுச் சத்தத்தில் இரண்டு வகை உண்டு. குளிரோ பசியோ என்றால் தனித்தனியாக, கூராகக் கத்தும். இதமாக இருந்தால் ஒன்றோடொன்று கலந்து, தணிந்த ஒரு முணுமுணுப்பாக வரும். நான் அதையும் எழுதினேன். முதல் கிழமை முழுவதும் ‘இதம்’. இரண்டாம் திங்களும் ‘ஏழு, இதம்’. சேவலில்லாத அந்த ஊரில், ஒரு நாய்கூடக் குரைக்காத காலைகளில், அந்த முணுமுணுப்பு ஒன்றுதான் உயிருள்ள சத்தமாக இருந்தது. அதைக் கேட்டால்தான் அன்று எனக்குச் சோறு இறங்கும். பெண்கள் தூரத்தில் நின்று பார்ப்பார்கள், கிட்ட வர மாட்டார்கள். ஒருத்தி மட்டும் ஒருநாள், “அங்க நிண்டு என்னத்தக் கேக்கிறீங்க ஐயா?” என்றாள். “குஞ்சுச் சத்தம்” என்றேன். அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு நடையைக் கட்டினாள்.

மூன்றாம் வெள்ளி, இருபத்தோராம் நாள். காலையில் “ஏழு” என்ற குரலைக் கேட்டு எழுதினேன். பத்து மணிக்கு டொக்டர் வந்தார். கண்மணியக்காவின் மகளும் தேற்றாத்தீவிலிருந்து வந்து படலையடியில் நின்றார். இந்த முறை டொக்டர் என்னையும் உள்ளே வரச் சொன்னார்.

முற்றம் பெருக்கியிருந்தது. கொட்டிலில் மண்சட்டியும் பழஞ்சேலையும் இருந்தன. குஞ்சுகள் இல்லை. கொட்டிலின் பின்னால், நிழலில், ஒரே வரிசையில் ஏழு சிறு மண்மேடுகள் இருந்தன. மேலே தெளித்த தண்ணீரில் மண் இறுகி, காய்ந்து, வெடிப்பு விழுந்திருந்தது. அது நேற்று முந்தாநாள் வெட்டிய மண் அல்ல.

“எத்தனையாம் நாள் அக்கா?” என்று டொக்டர் கேட்டார்.

“ஒன்பதாம் நாள் விடிய. ஞாயிற்றுக்கிழம. எல்லாம் ஒண்டாப் போச்சு.”

கொப்பியைப் புரட்டினேன். ஒன்பதாம் நாள்: ஏழு, இதம். பத்தாம் நாள், அந்த இரண்டாம் திங்கள்: ஏழு, இதம். இன்று காலை: ஏழு, இதம். என் மேல் இரக்கப்பட்டுச் சொன்னார் என்று நினைத்தேன். “எனக்காகவா அக்கா பொய் சொன்னீங்க?”

அவர் என்னை ஆச்சரியத்தோடு பார்த்தார். “பொய்யா? நான் ஒரு நாளும் எண்ணாமச் சொல்லல்ல தம்பி. விடிய எழும்பி, பின்னால போய் நிண்டு, காதால எண்ணித்தான் சொன்னன். ஏழும் கேட்டது.” பிறகு, “உங்களுக்குக் கேக்கல்லயா?” என்றார்.

டொக்டர் என் கையிலிருந்த கொப்பியை வாங்கி, ஒன்பதாம் நாளிலிருந்து இருபத்தோராம் நாள்வரை விரலால் ஓட்டினார். சிவப்பு மையால் வெட்டச் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். “கண்டது ஒரு நிரல், கேட்டது ஒரு நிரல்” என்றார். “இரண்டாப் பிரிச்சு எழுதுங்க. ஒண்டையும் வெட்டாதீங்க.” அங்கேயே, மண்சட்டிக்குப் பக்கத்தில் குந்தி, கோடு போட்டு எழுதினேன். கண்டது: இல்லை. கேட்டது: ஏழு. பதின்மூன்று வரிகள். எழுதும்போதும் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. கொட்டிலின் பின்னால், தணிந்து, ஒன்றோடொன்று கலந்து.

மகள் இரண்டு பைகளில் உடுப்பை அடுக்கினார். “அம்மா, இனி என்ன இரிக்கு இஞ்ச?” என்று கேட்டார், கடுமையாக அல்ல. கண்மணியக்கா ஒரு தடவை கொட்டிலின் பின்னால் போய் நின்றுவிட்டு வந்தார். படலையை வெளியிலிருந்து கட்டினார். வேப்பங்கொத்து கட்டவில்லை.

மகளும் தாயும் டொக்டரும் நானும் ஒரே பாதையில் ஏறினோம். நல்லதம்பி அன்று பகிடி எதுவும் விடவில்லை. கரை விலகியது. இரும்பில் தண்ணீர் அடிக்கும் சத்தம். அதற்குக் கீழே, கரையில் விட்டு வந்ததாக நான் நினைத்த அந்த முணுமுணுப்பு, இன்னும் இருந்தது. பக்கத்தில் யாரோ மடியில் வைத்துக்கொண்டு வருவதுபோல். கண்மணியக்கா வெறும் மடியைச் சேலைத் தலைப்பால் மூடியபடி உட்கார்ந்திருந்தார்.

நடு வாவியில் அவர் தலையை உயர்த்தினார்.

“நிண்டுட்டு” என்றார்.

மகள், “என்னம்மா?” என்று கேட்டார். எனக்கும் அதே கணத்தில் அது நின்றிருந்தது. கொப்பியைத் திறந்து, கேட்டது என்ற நிரலின் கீழே ‘நின்றது’ என்று எழுதினேன்.

நான் பேனையை எடுக்குமுன்பே கைக்கடிகாரத்தைப் பார்த்திருந்த டொக்டர் சுகந்தி, “பன்னிரண்டு பத்து. அதையும் போடுங்க” என்றார். அவரிடம் யாரும் நேரம் கேட்கவில்லை.